குறைந்த செலவில் கிராக்கோவும் ஆஷ்விட்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவில் படிக்கவும் வேலைக்கும் வந்திருக்கும் நம்மவர்களுக்கு மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தால், போலந்தின் கிராக்கோவ் பக்கம் மனசு போகிறது. விமானச் சீட்டும் தங்குமிடமும் சாப்பாடும் கைக்கு அடங்குகிற விலையில் இருக்கின்றன. கூடவே, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நாஜிகள் லட்சக்கணக்கான யூதர்களைக் கொன்ற, இன்று நினைவிடமாக இருக்கும் ஆஷ்விட்ஸ் முகாமும் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பெயர் வந்ததும் கேள்விகள் தொடங்கிவிடுகின்றன: எப்படிப் போவது, எவ்வளவு ஆகும், அம்மாவைக் கூட்டிப் போகலாமா, போவதே சரியா. ஜெர்மனியில் இருக்கும் என்னிடம் நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் ஊரிலிருந்து வரும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் விலைகளைப் போடவில்லை. எதற்குக் காசு போகும், எதற்குப் போகாது என்பதைச் சொல்லியிருக்கிறேன்.

கிராக்கோவும் ஆஷ்விட்ஸும் ஒரே ஊரா?

இல்லை. கிராக்கோவ் பழைய தலைநகரம், பெரிய பல்கலைக்கழக நகரம். ஆஷ்விட்ஸ் முகாம் இருப்பது அங்கிருந்து மேற்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தள்ளி, ஓஷ்வியென்சிம் என்ற சின்ன ஊரில். ஆஷ்விட்ஸ் என்பது அந்த ஊருக்கு ஜெர்மானியர் வைத்திருந்த பெயர். பேருந்திலும் ரயில் நிலையத்திலும் ஓஷ்வியென்சிம் என்றுதான் எழுதியிருக்கும். அதைத் தெரிந்துகொண்டு போனால் தடுமாற வேண்டாம்.

அங்கே பார்க்க வேண்டியவை இரண்டு இடங்கள். முதல் முகாம் செங்கல் கட்டடங்களால் ஆனது. 1940 ஜூன் 14 அன்று 728 போலந்து அரசியல் கைதிகளை அங்கே கொண்டுவந்தார்கள். இரண்டாவது, 1941-இல் கட்டத் தொடங்கிய பிர்கெனாவ். சுமார் 3 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மிகப் பரந்த வெளி அது. பெரும்பாலான கொலைகள் நடந்தது அங்கேதான். இரண்டுக்கும் நடுவே இலவசப் பேருந்து ஓடுகிறது. முதல் முகாமை மட்டும் பார்த்துவிட்டுக் களைப்பில் திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள்.

சனி ஞாயிறு ரெண்டு நாள் போதுமா? எந்த நாள்ல எதைப் பார்க்கிறது?

இரண்டு நாளில் ஓடி முடிக்கலாம். மூன்று இரவு தங்கினால் நல்லது. எத்தனை நாள் என்பதைவிட எந்த வரிசையில் என்பது முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இறங்கிய மறுநாளே முகாமுக்கு ஓடாதீர்கள். முதலில் கிராக்கோவுக்குள் யூத மக்கள் வாழ்ந்த தெருக்களைப் பாருங்கள். போருக்கு முன் நகரத்தில் நான்கில் ஒருவர் யூதர். ஏறக்குறைய 60,000 பேருக்கு மேல். அவர்களுடைய வழிபாட்டு இடம், கடைவீதி, பள்ளிக்கூடம், கல்லறைத் தோட்டம் எல்லாம் எங்கே இருந்தன என்று தெரிந்துகொண்டு போனால்தான், முகாமில் கண்ணாடிக்குப் பின்னால் குவிந்திருக்கும் பெட்டிகளும் பாத்திரங்களும் யாருடையவை என்று புரியும். வாழ்ந்ததைப் பார்க்காமல் செத்ததை மட்டும் பார்த்துவிட்டு வருவது அந்த மக்களுக்கு நியாயமில்லை.

நான் சொல்லும் வரிசை இது. வெள்ளி மதியம் இறங்கி, மாலைக்குள் யூதர் பகுதியான காசிமியேஜ். வெள்ளி சூரியன் மறைந்ததும் அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கிவிடும். சனிக்கிழமை வழிபாட்டு இடங்களைப் பார்க்க முடியாது. அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். சனிக்கிழமை ஆற்றுக்கு அந்தப் பக்கம், போரின்போது யூதர்களை அடைத்துவைத்த பொட்குஜே. ஞாயிறு முழுவதும் ஆஷ்விட்ஸ். அன்று மாலைக்கு எதையும் வைக்காதீர்கள். திங்கள் காலை வாவெல் கோட்டை, விஸ்துலா ஆற்றங்கரை, பெரிய சதுக்கம் என்று நடந்துவிட்டு ஊர் திரும்பலாம்.

ஒரு விஷயம்: போலந்தில் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கடைகள் திறக்கக் கூடாது என்று சட்டம். ரொட்டி, பழம், தண்ணீர் எல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட், ஜெர்மன் ரெசிடென்ஸ் கார்டு இருக்கு. தனி விசா வேணுமா?

வேண்டாம். போலந்து ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. வேறொரு ஷெங்கன் நாட்டின் செல்லுபடியாகும் வதிவிட அட்டை இருந்தால், 180 நாளில் 90 நாள் வரை சுற்றிப் பார்க்கப் போகலாம். பாஸ்போர்ட், அட்டை இரண்டும் கையில் இருக்க வேண்டும். எல்லை திறந்திருக்கிறது என்று நினைத்து அட்டையை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், சோதனை இருக்கக்கூடும். அட்டை வராமல் தற்காலிகத் தாள் மட்டும் வைத்திருப்பவர்கள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்த பிறகே சீட்டு வாங்குங்கள்.

லண்டனில் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டோடு இருப்பவர்களுக்குக் கட்டாயம் ஷெங்கன் விசா வேண்டும். பிரிட்டனில் வசிக்கும் உரிமை இதற்குப் போதாது.

எதுல காசு மிச்சம் பிடிக்கலாம், எதுல பிடிக்கக் கூடாது?

மிச்சம் பிடிக்க இடம் நிறைய உண்டு. கிராக்கோவின் பாலிட்சே விமான நிலையத்திலிருந்து நகர நடுவுக்கு ரயில் இருக்கிறது, 20 நிமிடம்தான், டாக்சி தேவையில்லை. மலிவு விமானம் சில சமயம் கட்டோவிட்சே விமான நிலையத்தில் இறக்கும். அங்கிருந்து கிராக்கோவ் வர பேருந்துச் செலவும் நேரமும் சேரும். சீட்டு விலையோடு அதையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். பெர்லின், பிராக், வியன்னா பக்கம் இருப்பவர்கள் பேருந்தையும் பாருங்கள். நகருக்குள் எல்லாம் நடக்கிற தூரம். டிராமில் ஏறினால் சீட்டைச் செல்லுபடியாக்காமல் உட்காராதீர்கள்.

போலந்தில் யூரோ இல்லை, ஸ்வோட்டி. ஒரு யூரோவுக்கு நாலு ஸ்வோட்டிக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். எங்கும் கார்டு எடுத்துக்கொள்வார்கள். மெஷினோ ஏடிஎம்மோ "யூரோவில் கழிக்கட்டுமா, ஸ்வோட்டியில் கழிக்கட்டுமா" என்று கேட்டால் எப்போதும் ஸ்வோட்டி என்றே சொல்லுங்கள். யூரோ என்றால் மோசமான மாற்று விகிதத்தில் காசு போகும்.

மிச்சம் பிடிக்கக் கூடாதவை இரண்டு. ஒன்று, ஆஷ்விட்ஸில் வழிகாட்டி. இன்னொன்று, தங்குமிடத்தின் அமைதி. முகாமிலிருந்து திரும்பிய இரவில் பத்துப் பேர் குடித்துக் கூத்தடிக்கும் அறையில் படுக்க முடியாது. காசிமியேஜில் சதுக்கத்தை ஒட்டிய விடுதிகளில் விடியும்வரை சத்தம் இருக்கும். நாலு தெரு தள்ளி எடுங்கள், ஞாயிறு இரவுக்காவது தனி அறை எடுங்கள்.

ஆஷ்விட்ஸ் இலவசம்னு ஒருத்தர் சொல்றார், காசு கட்டணும்னு இன்னொருத்தர் சொல்றார். எது சரி?

இரண்டும் சரி. நினைவிடத்துக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. வழிகாட்டியோடு போவதற்குத்தான் காசு. வழிகாட்டி இல்லாமல் போகிறவர்களுக்கு ஒதுக்கும் இலவச நுழைவு குறைவு, நேரமும் வசதியாக அமையாது. எதுவானாலும் நினைவிடத்தின் சொந்த இணையதளத்தில் முன்பதிவு செய்தாக வேண்டும். சீட்டில் உங்கள் பெயர் இருக்கும், வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரை அப்படியே போடுங்கள். முதலெழுத்தை முன்னே போடுவதா பின்னே போடுவதா என்று நம் பெயர்களில் எப்போதும் ஒரு குழப்பம் வருமே, அதை இங்கே வர விடாதீர்கள்.

கோடையிலும் விடுமுறை நாட்களிலும் ஆங்கில வழிகாட்டி நேரங்கள் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடுகின்றன. அதனால் முதலில் ஆஷ்விட்ஸ் தேதியைப் பிடியுங்கள், பிறகு விமானம், பிறகு விடுதி. பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, கடைசியில் மூன்று மடங்கு காசு கொடுத்து ஏஜென்சியிடம் போகிறார்கள். ஜனவரி 1, டிசம்பர் 25, ஈஸ்டர் ஞாயிறு ஆகிய நாட்களில் நினைவிடம் மூடியிருக்கும்.

கைடு எதுக்கு? நானே படிச்சுட்டுப் போய்ப் பார்த்துக்கிறேனே.

படித்துவிட்டுத்தான் போக வேண்டும். அதோடு வழிகாட்டியும் வேண்டும் என்பதே என் கருத்து. பிர்கெனாவில் கண்ணுக்குத் தெரிவது புல்வெளி, புகைபோக்கிகள், இடிபாடுகள். பின்வாங்கும் முன் 1945 ஜனவரியில் நாஜிகள் விஷவாயு அறைகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஒருவர் நின்று, "இந்த ரயில்மேடையை 1944 வசந்தத்தில் முகாமுக்குள்ளேயே கொண்டுவந்து முடித்தார்கள், ஹங்கேரியிலிருந்து வந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களில் பெரும்பாலோரை இறங்கியவுடனே அந்தப் பக்கம் அனுப்பினார்கள்" என்று கைகாட்டிச் சொன்னால்தான் அந்த வெட்டவெளி பேசும்.

மொத்தக் கணக்கையும் தெரிந்துகொண்டு போங்கள். அங்கே கொண்டுவரப்பட்டவர்கள் குறைந்தது 13 லட்சம் பேர். கொல்லப்பட்டவர்கள் சுமார் 11 லட்சம். அவர்களில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் யூதர்கள். 70,000-க்கு மேற்பட்ட போலந்துக்காரர்கள், சுமார் 21,000 ரோமா (ஜிப்ஸி) மக்கள், 14,000-க்கு மேற்பட்ட சோவியத் போர்க்கைதிகள். 1945 ஜனவரி 27 அன்று சோவியத் படை வந்தபோது உள்ளே எஞ்சியிருந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். தமிழில் வழிகாட்டி கிடையாது. ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு உண்டு. வழிகாட்டி பேசுவது காதுக் கருவியில் கேட்கும். முழுச் சுற்றுக்கு மூன்றரை மணி நேரமாவது ஆகும்.

பஸ்ல போறதா, ட்ரெயின்லயா?

பேருந்து. கிராக்கோவ் முதன்மை ரயில் நிலையத்தின் பின்புறமே பேருந்து நிலையம். அங்கிருந்து புறப்படும் பேருந்துகளில் பல நினைவிடத்தின் அருகிலேயே இறக்கிவிடும், ஒன்றரை மணி நேரப் பயணம். ரயிலில் போனால் ஓஷ்வியென்சிம் நிலையத்தில் இறங்கி இன்னும் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். வயதானவர் கூட இருந்தால் அது சரிப்படாது; அடுத்து எவ்வளவு நடக்க வேண்டியிருக்கிறது!

உங்கள் நேரத்துக்கு அரை மணி முன்பே பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்க வேண்டும். தவறவிட்டால் குழு போய்விடும். கணக்குப் பண்ணி எடுக்கிற பேருந்துக்கு முந்தைய பேருந்தில் ஏறுங்கள். திரும்பும் கடைசிப் பேருந்து எப்போது என்றும் காலையிலேயே பார்த்து வையுங்கள்.

என்கிட்ட ஒரே பேக்பேக்தான், அதுலதான் எல்லாமே. உள்ள விடுவாங்களா?

விட மாட்டார்கள். 35 × 25 × 15 சென்டிமீட்டருக்குள் அடங்கும் பைதான் உள்ளே போகலாம். மலிவு விமானங்கள் இலவசமாக விடுகிற பையே இதைவிடப் பெரிது. அதோடு வந்து வாசலில் தவிப்பவர்களை எப்போதும் பார்க்கலாம். கட்டணப் பை அறை இருக்கிறது. ஆனாலும் விடுதியிலேயே வைத்துவிட்டு, பாஸ்போர்ட், தண்ணீர், குடை கொள்ளும் சின்னத் துணிப்பையோடு போவது நல்லது. ஊர் திரும்பும் நாளில் ஆஷ்விட்ஸை வைக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். பிர்கெனாவில் நிழலே கிடையாது. கோடையில் வெயில் மண்டையைப் பிளக்கும், குளிர்காலத்தில் காற்று எலும்புக்குள் இறங்கும்.

காலைல ஆஷ்விட்ஸ், மதியம் உப்புச் சுரங்கம்னு ஒரே நாள் டூர் மலிவா வருதே?

வீலிச்கா உப்புச் சுரங்கம் அருமையான இடம். 1978-இலேயே உலகப் பாரம்பரியச் சின்னமானது. போய்ப் பாருங்கள், வேறொரு நாளில். காலையில் குழந்தைகளின் ஷூக்களைப் பார்த்துவிட்டு மதியம் உப்பில் செதுக்கிய சரவிளக்குக்குக் கீழே படம் எடுத்துக்கொள்ள எந்த மனசும் ஒத்துழைக்காது. இரண்டுக்கும் நியாயம் செய்ய முடியாமல் போய்விடும். சேமிப்பு என்று தெரிவது உண்மையில் ஒரு நாளை இழப்பது.

நகரத்துக்குள்ள என்னென்ன பார்க்கணும்? எதுக்கெல்லாம் காசு?

காசிமியேஜில் ரெமு வழிபாட்டுக் கூடமும் அதை ஒட்டிய கல்லறைத் தோட்டமும் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சிறிய கட்டணம் உண்டு. ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். சின்னத் தொப்பி வாசலிலேயே தருவார்கள். நம் கோயில் பழக்கத்தில் ஷூவைக் கழற்றப் போகாதீர்கள். கல்லறைகள் மேல் பூவுக்குப் பதில் கூழாங்கற்கள் இருக்கும். அது அவர்கள் மரபு, எடுத்து விளையாடக் கூடாது. உடைந்த கல்லறைத் துண்டுகளைப் பதித்துக் கட்டிய சுவர் ஒன்று அங்கே இருக்கிறது. நிதானமாக நின்று பாருங்கள்.

பிறகு நடைபாலத்தில் ஆற்றைக் கடந்தால் பொட்குஜே. 1941 மார்ச்சில் நாஜிகள் யூதர்களை வீடுவாசலை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வரச்சொல்லிச் சுவர் எழுப்பினார்கள். முன்பு 3,000 பேர் வசித்த இடத்தில் ஏறக்குறைய 15,000 பேர். 1942-இல் கூட்டங்கூட்டமாக பெல்ஜெட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள். 1943 மார்ச் 13, 14 ஆகிய இரண்டு நாட்களில் எஞ்சியவர்களையும் காலி செய்தார்கள். உழைக்கத் தெம்பிருந்தவர்கள் ப்வாஷுவ் என்ற கட்டாய உழைப்பு முகாமுக்குப் போனார்கள், மற்றவர்களில் பலரைத் தெருவிலேயே சுட்டார்கள், மீதிப் பேரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். அவர்களை ஒன்றுதிரட்டிய சதுக்கத்தில் இன்று வெறும் உலோக நாற்காலிகள் நிற்கின்றன, தூரந்தூரமாக. 2005-இல் வைத்த நினைவுச் சின்னம் அது. டிராமுக்குக் காத்திருப்பவர்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்கள். கட்டணம் எதுவும் இல்லை. லுவோவ்ஸ்கா தெருவில் அந்தச் சுவரின் ஒரு துண்டு அப்படியே இருக்கிறது. அதன் மேல்விளிம்பு யூதக் கல்லறைக் கல்லின் வளைவில் கட்டப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்.

அதே சதுக்கத்தின் மூலையில் ஒரு மருந்துக்கடை. ததேயுஷ் பாங்கியெவிச் என்ற போலந்துக்காரர் நடத்தியது. உள்ளே அடைபட்டிருந்தவர்களுக்கு மருந்து கொடுத்தார், செய்தி கடத்தினார், ஒளிய இடம் கொடுத்தார். இப்போது சின்ன அருங்காட்சியகம். இழுப்பறைகளைத் திறந்து பார்க்கலாம். நேரம் இல்லை என்று நிறையப் பேர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இந்த நகரத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ப்வாஷுவ் முகாம் இருந்த இடம் இன்று புல்மேடு. இரண்டு யூதக் கல்லறைத் தோட்டங்களின் மேல் கட்டிய முகாம் அது. கல்லறைக் கற்களைச் சாலை போடப் பயன்படுத்தினார்கள். இலவசம். அக்கம்பக்கத்துக்காரர்கள் நாயோடு நடைபயிலுவதைப் பார்த்தால் மனசு சங்கடப்படும். தகவல் பலகைகளைப் படித்துக்கொண்டே, பாதையை விட்டு விலகாமல் நடங்கள்.

ஷிண்ட்லர் ஃபேக்டரிக்குப் போனோம், ஷிண்ட்லரைப் பத்தி அதிகமா ஒண்ணுமே இல்லையே?

பலருக்கு இந்த ஏமாற்றம். லிபோவா தெரு 4ஆம் எண்ணில் உள்ள அந்தக் கட்டடத்தில் 2010-இல் திறந்த நிரந்தரக் கண்காட்சி, 1939 முதல் 1945 வரை ஆக்கிரமிப்பில் கிராக்கோவ் எப்படி இருந்தது என்பதைப் பற்றியது. அங்கே தொழிற்சாலை நடத்திய ஜெர்மன் முதலாளி ஷிண்ட்லருக்கும், வேலைக்கு வைத்து அவர் காப்பாற்றிய ஏறக்குறைய 1,100 யூதர்களுக்கும் அதில் ஒரு பகுதிதான். "ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்" படம் பார்த்துவிட்டு அதையே எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள். நகரத்தின் கதையைத் தெரிந்துகொள்ளப் போனால் இதைவிடச் சிறந்த இடம் இல்லை. 1939 நவம்பர் 6 அன்று விரிவுரை என்று அழைத்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களை மொத்தமாகக் கைது செய்த கதையும் இங்கே புரியும்.

திங்கட்கிழமைகளில் இலவச நுழைவு உண்டு, எண்ணிக்கை குறைவு, திறந்திருக்கும் நேரமும் குறைவு. மற்ற நாட்களில் முன்பதிவு செய்யாமல் போனால் உள்ளே போவது சந்தேகம்.

நாங்க சுத்த சைவம். அங்க பட்டினி கிடக்கணுமா?

வேண்டாம். சோஷலிசக் காலத்திலிருந்தே நடந்துவரும் "பால் பார்" என்ற மலிவு உணவகங்கள் நகரெங்கும் உண்டு. உருளைக்கிழங்கும் தயிர்ப்பாலாடைக்கட்டியும் வைத்த பியேரோகி நம் கொழுக்கட்டை மாதிரி வேகவைத்துத் தருவார்கள். மேலே பன்றிக்கொழுப்பு வறுவலைத் தூவும் பழக்கம் உண்டு. வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள். பீட்ரூட் சூப் இறைச்சிச் சாற்றில் செய்ததா என்று கேளுங்கள். ஜுரெக் என்ற புளித்த மாவு சூப்பில் பெரும்பாலும் சாசேஜ் இருக்கும். காளானும் சீஸும் வைத்துச் சுட்ட நீள ரொட்டி, ஜாபியேகான்கா, காசிமியேஜ் சதுக்கத்தில் பிரபலம். தள்ளுவண்டியில் விற்கும் எள்ளு தூவிய வளைய ரொட்டி ஒன்றிரண்டு கையில் இருந்தால் ஆஷ்விட்ஸ் நாளைச் சமாளிக்கலாம். கண்காட்சி இடங்களில் சாப்பிடக் கூடாது, வெளியே வந்து சாப்பிடுங்கள்.

பையனுக்கு 9 வயசு, பொண்ணுக்கு 13. கூட்டிட்டுப் போகலாமா?

14 வயதுக்கு உட்பட்டவர்களைக் கூட்டிவர வேண்டாம் என்று நினைவிடமே பரிந்துரைக்கிறது. தடை இல்லை, பரிந்துரைதான். ஒன்பது வயதுப் பையனை நான் கூட்டிப் போக மாட்டேன். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு நாள் போய்வாருங்கள். மற்றவர் பிள்ளைகளோடு வாவெலில் இருக்கட்டும். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு, நாற்காலிச் சதுக்கத்தையும் மருந்துக்கடையையும் காட்டி, என்ன கேட்கிறாள் என்று பாருங்கள். பதில் சொல்லச் சொல்ல மேலும் கேட்கிறாள் என்றால் இன்னும் ஒரு வருடத்தில் போகலாம். வாயை மூடிக்கொண்டாள் என்றால் காத்திருங்கள்.

"லட்சக்கணக்குல செத்த எடத்துக்கு எதுக்குப்பா போறே, தீட்டு"ங்கிறாங்க எங்க அம்மா. என்ன சொல்றது?

அம்மாவிடம் வாதாடாதீர்கள். இழவு வீட்டுக்குப் போகாமல் இருப்பது நம் ஊரில் பெரிய குற்றம், அம்மாவுக்கே அது தெரியும். அங்கே போய் நிற்பதற்கு ஆளில்லாமல் குடும்பம் குடும்பமாக அழிந்துபோனவர்கள் அவர்கள். போய்த் துக்கம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். திரும்பி வந்து தலைக்குக் குளிப்பது அம்மாவுக்கு நிம்மதி என்றால் குளியுங்கள், அதில் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை.

விளக்கு, கற்பூரம், ஊதுவத்தி எடுத்துப் போக வேண்டாம். முதல் முகாமின் 11ஆம் கட்டடத்தின் பக்கத்து முற்றத்தில் கைதிகளை நிறுத்திச் சுட்ட சுவருக்கு முன்னால் பலரும் பூ வைக்கிறார்கள். உங்களுக்கும் தோன்றினால் ஒரு பூ போதும்.

நாங்கள் வன்னியில இருந்து வந்த குடும்பம். அம்மா சண்டை நேரம் பங்கருக்க (பதுங்குகுழிக்குள்) கனநாள் இருந்தவா. தானும் வாறன் எண்டு நிக்கிறா. கூட்டிக்கொண்டு போகலாமோ?

இதற்குப் பொதுவான பதில் இல்லை. அம்மாவே வருகிறேன் என்கிறார் என்றால் அந்த விருப்பத்தை மதிக்க வேண்டும். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று முன்பே ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். 4ஆம் கட்டடத்தில் வெட்டியெடுத்த பெண்களின் தலைமுடி, ஏறக்குறைய இரண்டு டன். அடுத்த கட்டடத்தில் பெயர் எழுதிய பெட்டிகள், குவியலாக ஷூக்கள், சட்டி பானைகள். எங்கேயோ குடியேறப் போகிறோம் என்று நம்பிச் சமையல் பாத்திரத்தோடு வந்திருக்கிறார்கள். கையில் எடுத்ததை மட்டும் கொண்டு ஊர் ஊராக இடம்பெயர்ந்த ஒருவருக்கு, முடியைவிட அந்தப் பானைகள்தான் அதிகம் தாக்கலாம். 11ஆம் கட்டடத்தின் நிலவறை இருட்டு, இடுக்கு, தாழ்வான கூரை. பங்கர் நினைவு வரும் என்றால் அங்கே இறங்கவே வேண்டாம்.

தனியாக அவரோடு ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். வழிகாட்டியிடம் தொடக்கத்திலேயே, நாங்கள் சில அறைகளுக்கு வராமல் வெளியே நிற்போம் என்று சொல்லிவிடுங்கள், புரிந்துகொள்வார்கள். பாதியில் திரும்பினாலும் சரி. அம்மா மனநலச் சிகிச்சையில் இருந்தால் அந்த மருத்துவரைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். போகவில்லை என்றால், முன்னே சொன்ன பொட்குஜே இடங்களை அம்மாவின் வேகத்தில் பார்ப்பதே போதும். அவர் தன் கதையைச் சொல்லத் தொடங்கினால், அன்றைய திட்டத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு உட்கார்ந்து கேளுங்கள்.

என் செயின்ல ஸ்வஸ்திக் டாலர் இருக்கு. எங்க பாட்டி கொடுத்தது. கழட்டணுமா?

கழற்றி விடுதியிலும் வைக்காமல், ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள். நமக்கு அது மங்கலச் சின்னம் என்பதை நீங்கள் எவ்வளவு நன்றாக விளக்கினாலும், விளக்கிக் கேட்க வேண்டிய இடம் அதுவல்ல. நாஜிச் சின்னங்கள் தொடர்பாக போலந்தில் சட்டமும் கடுமையானது. தாத்தாவையும் பாட்டியையும் அங்கே இழந்த ஒருவர் உங்கள் பக்கத்திலேயே நடந்து வரலாம். பாட்டியின் நினைவுக்கு எந்தக் குறையும் வந்துவிடாது.

போட்டோ எடுக்கலாமா?

பெரும்பாலான இடங்களில் அனுமதி உண்டு. முன்னே சொன்ன தலைமுடி அறையிலும் 11ஆம் கட்டடத்தின் நிலவறையிலும் கூடாது. அனுமதி இருப்பதாலேயே எடுக்க வேண்டும் என்பதில்லை. தண்டவாளத்தில் நின்று போஸ் கொடுப்பது, "உழைப்பு விடுதலை தரும்" என்ற முகாம் வாசல் எழுத்துக்குக் கீழே குடும்பப் படம், எதுவும் வேண்டாம். உறவினர் வாட்ஸாப் குழுவுக்கு அனுப்ப வாவெல் படம் இருக்கிறது.

பேச்சிலும் ஒரு கவனம். "போலந்து முகாம்" என்று சொல்லிவிடாதீர்கள். போலந்துக்காரர்களே பல்லாயிரக்கணக்கில் செத்த, ஜெர்மன் நாஜிகள் கட்டிய முகாம் அது. இந்தக் குழப்பம் வரக் கூடாது என்றே 2007-இல் யுனெஸ்கோ பட்டியலில் பெயரை "ஜெர்மன் நாஜி" என்று சேர்த்து மாற்றினார்கள்.

போய்ப் பார்த்தேன். எல்லாரும் அழுதாங்க, எனக்கு ஒண்ணுமே தோணலை. நான் கல்லாயிட்டேனா?

இல்லை. நிறையப் பேர் இதைத் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். கூட்டம், வரிசை, காதில் ஒரு குரல், நடந்து வலிக்கும் கால். இத்தனைக்கும் நடுவில் 11 லட்சம் என்ற எண்ணை மனசு வாங்காது. சில நாள் கழித்து வீட்டில் பெட்டியில் பெயர் எழுதும்போது வரலாம். வராமலும் போகலாம். அங்கே போவது அழுவதற்காக இல்லை, நடந்ததைத் தெரிந்துகொள்வதற்காக.

அடுத்த முறை போகிறவர்களுக்கு என் யோசனை: ஒரே ஒரு பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். 27ஆம் கட்டடத்தில் கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்களை அச்சிட்ட மாபெரும் புத்தகம் இருக்கிறது. ஏதாவது ஒரு பக்கத்தில் ஒரு பெயர், பிறந்த ஆண்டு, ஊர் ஆகியவற்றைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். வழிகாட்டிச் சுற்றில் இது சேராமல் போகலாம். சுற்று முடிந்தபின் நேரம் கேட்டுப் போங்கள்.

எவ்வளவு தேடியும் ஆஷ்விட்ஸ் ஸ்லாட் கிடைக்கலை. பயணத்தையே கேன்சல் பண்ணிடவா?

வேண்டாம். முதலில் மற்ற மொழிகளைப் பாருங்கள். ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு ஜெர்மன் வழிகாட்டி போதும். பிறகு, ரத்தாகும் இடங்கள் திரும்ப வருகின்றனவா என்று தினமும் ஒரு முறை தளத்தைப் பாருங்கள். அதற்கும் பிறகுதான் ஏஜென்சி. அதிலும் நுழைவு நேரம் உறுதி என்று எழுத்தில் தருகிறவர்களிடம் மட்டும் காசு கட்டுங்கள்.

எதுவும் நடக்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமையை ப்வாஷுவுக்கும் பொமோர்ஸ்கா தெருவுக்கும் கொடுங்கள். பொமோர்ஸ்காவில் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் அலுவலகம் இருந்த கட்டடத்தின் நிலவறைகளில், அடைபட்டவர்கள் சுவரில் கீறிய எழுத்துகள் இன்னும் இருக்கின்றன. போகும் முன் திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஷ்விட்ஸை நவம்பருக்கோ பிப்ரவரிக்கோ வைத்துக்கொள்ளலாம். அப்போது கூட்டமும் குறைவு, விமானச் சீட்டும் மலிவு. கனமான கோட்டு மட்டும் வேண்டும்.